ஒரே எண், இரண்டு காரணங்கள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை என் தம்பியின் இரத்தப் பரிசோதனை முடிவு கைப்பேசிக்கு வந்தது. நான்கு ஆண்டுகளாக 1.3-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) அன்று 1.9 என்றிருந்தது. அயனாவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தம்பியின் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருப்பது அவருடைய இடது சிறுநீரகம். ஆகவே ஒவ்வொரு முறையும் முடிவு வந்ததும், "என் கிட்னி என்னடா சொல்லுது?" என்றுதான் அவர் விசாரிப்பார். அன்றும் அப்படியே விசாரித்தார். தம்பி ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

பதினொன்றாம் வகுப்பில் கழிவு நீக்கப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியவள் நான். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண் வடிகட்டிகள், இரண்டுமாகச் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் சிறுநீரகம் எவ்வளவு அழுத்தமான உறுப்பு என்று வீட்டில் ஒருவருக்கு அது கெட்டபோதுதான் விளங்கியது. அது வலிக்காது, முனகாது. தசையின் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் தெளிவாக ஏறுவதற்குள் வடிகட்டும் திறனில் பாதியளவு போய்விட்டிருக்கும். அப்படி ஏறிய பிறகும், ஏதோ நடந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்லாது.

திங்கட்கிழமை மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு சாத்தியங்களைச் சொன்னார். ஒன்று நிராகரிப்பு, அதாவது தம்பியின் நோய் எதிர்ப்பு செல்கள் அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்கத் தொடங்கியிருக்கலாம். மற்றொன்று, அந்தத் தாக்குதலைத் தடுப்பதற்காக அவன் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் அலாரம் வைத்து விழுங்கிவரும் டேக்ரோலிமஸ் மருந்தே அச்சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம். முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும்; இரண்டாவது என்றால் குறைக்க வேண்டும். ஒரே எண்ணுக்குப் பின்னால் இருக்கக்கூடிய இரண்டு காரணங்களுக்கு நேரெதிரான இரண்டு வைத்தியங்கள் என்பதும், தவறானதைச் செய்துவிட்டால் கெடுதல் இரட்டிப்பாகும் என்பதும் எனக்குப் புரிந்த அந்த நிமிடத்திலிருந்துதான் இந்தப் பதிவுக்கான விஷயம், அதாவது இந்த இரண்டு காரணங்களையும் உடலுக்கு வெளியே பிரித்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி, என் மனத்தில் ஓடத் தொடங்கியது.

டேக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான T அந்த ஊரை (Tsukuba) குறிப்பது. நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி-செல்கள் விழித்தெழுந்து படை திரட்டுவதற்குத் தேவையான கால்சிநியூரின் என்ற நொதியை அது அடக்கிவிடுகிறது. மாற்று உறுப்புகள் இன்று ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கு இவ்வகை மருந்துகளே முக்கியக் காரணம். ஆயினும் அதே மருந்து சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்தமனியைச் சுருக்குகிறது, நெஃப்ரான் குழல்களின் செல்களையும் வாட்டுகிறது. கை நடுக்கமும் தரும். தம்பி காபி டம்ளரை இப்போதெல்லாம் இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் தூக்குகிறான். டவரா அவனுக்காக நிரந்தரமாக மேசையிலேயே இருக்கிறது.

மருந்தின் அளவை இரத்தத்தில் பார்த்தால் விடை தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பார்த்தோம். வழக்கமாக 6 அளவில் இருக்கும் டேக்ரோ லெவல் அன்று 11.8 என்று வந்திருந்தது. அப்படியானால் மருந்துதான் குற்றவாளி என்று நான் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தபோது, தம்பி மெதுவாக ஒப்புக்கொண்டான்: அன்று இரத்தம் எடுக்க வந்த பையன் தாமதமாக வந்ததால், அலாரம் அடித்ததும் பழக்கதோஷத்தில் மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டுவிட்டானாம். முந்தைய வேளையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழிந்து, அடுத்த வேளைக்கு முன்பாக எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆக, கையில் இருந்த ஒரே துப்பும் செல்லாக்காசாகிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து துளித் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் வழி என்றார் மருத்துவர்.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தொட்டால் தட்டுப்படும்படி வைக்கிறார்கள். எனவே மல்லாக்கப் படுக்கவைத்து, ஸ்கேன் கருவியால் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் 'டக்' என்ற ஒரு சத்தம் கேட்டதாகத் தம்பி பிற்பாடு சொன்னான். வெளியே வந்த ஊழியர் கையிலிருந்த சின்னக் குப்பியை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஃபார்மலினில் சேமியாத் துண்டுபோல, வெளிறிய இரண்டு இழைகள் மிதந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பின்னர் ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருந்து, சிறுநீரில் சிவப்பு தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இருக்கும் ஒரே சிறுநீரகத்தில் ஓட்டை போட்டுத்தான் அதை விசாரிக்க முடியும் என்பதில் உள்ள அபத்தம் என்னை விட்டு அகலவில்லை. அதைவிட, நாளைக்கும் மறுநாளும் அதன் பிறகும் என்ன நடக்கிறது என்று பார்க்க மறுபடி மறுபடி குத்திக்கொண்டிருக்க முடியாது. நகரும் விஷயத்திலிருந்து ஒரேயொரு நிழற்படம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நிழற்படமும் மங்கலாகவே வந்தது. நிராகரிப்பு என்றால் டி-செல் போன்ற எதிர்ப்பு செல்களான லிம்போசைட்டுகள் குழல்களின் சுவருக்குள் புகுந்து செல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். மருந்தின் நஞ்சு என்றால் குழல் செல்களுக்குள் ஒரே அளவான சிறு குமிழிகள் தெரியலாம். இவற்றையெல்லாம் எப்படி எண்ணித் தரம் பிரிப்பது என்பதற்கு, 1991-ல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய நோய்க்குறியியல் வல்லுநர்கள் வகுக்கத் தொடங்கிய முறையைத்தான் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அந்த வகைப்பாட்டில் நிராகரிப்பு உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே 'எல்லைக்கோட்டு மாற்றங்கள்' என்றொரு பெட்டியும் இருக்கிறது. தம்பியின் அறிக்கை அந்தப் பெட்டியில் போய் விழுந்தது. எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசியை மூன்று நாள் போட்டார்கள். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.5-க்கு இறங்கியது. ஊசியால் இறங்கியதா, தானாகவே இறங்கியதா என்று கேட்டேன். மருத்துவர் நேர்மையானவர், சிரித்தார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான், என்னிடம் படித்து இன்று வேறொரு நகரத்தில் ஸ்டெம் செல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி நலம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தாள். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "டீச்சர், அந்த ரெண்டையும் தனித்தனித் தட்டுல வச்சுப் பார்க்கலாமே" என்றாள். அவள் சொன்னது கிட்னி ஆர்கனாய்டைப் பற்றி. ஆய்வகத் தட்டில் வளர்த்த, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குட்டிச் சிறுநீரகத் திசு என்று அதைச் சொல்லலாம்.

அவள் அனுப்பிய படத்தில், இளஞ்சிவப்புத் திரவத்தில் ஊறிய ஜவ்வரிசிபோல ஒரு வெண்புள்ளிதான் தெரிந்தது. அதன் பின்னணியோ பெரிது. முதிர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய கருநிலைக்கு, அதாவது ஸ்டெம் செல் நிலைக்கு, திரும்பிவிடும் என்று ஷின்யா யாமனாகா 2006-ல் எலியிலும், 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டினார்; 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அப்படிப் பின்னோக்கிச் சென்ற செல்லை மறுபடி முன்னோக்கி நடத்தி, கருவில் சிறுநீரகம் உருவாகும் அதே படிகளில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஜப்பானின் குமமோட்டோவில் நிஷினகமுராவின் குழுவும், ஆஸ்திரேலியாவில் மெலிஸா லிட்டிலின் குழுவும், அமெரிக்காவில் பான்வென்டர், மோரிசானே ஆகியோரும், ஃப்ரீட்மனும் 2014, 2015 ஆண்டுகளில் இதை வெவ்வேறு செய்முறைகளில் சாதித்தார்கள். லிட்டில் குழுவின் முறையில் முதல் சில நாட்கள் ஒரு ரசாயனச் சைகை, பிறகு ஒரு வளர்ச்சிக் காரணி, ஏழாம் நாள் வாக்கில் செல்களைத் திரட்டி ஒரு சவ்வின்மேல் உருண்டையாக வைப்பது, அதன்பின் ஏறக்குறைய பதினெட்டு நாள் காத்திருப்பு. காத்திருக்கும்போது செல்கள் தாமாகவே அணிவகுத்து, இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளாகவும், அவற்றைத் தொடரும் அண்மைக் குழல், சேய்மைக் குழல்களாகவும் என் கரும்பலகைப் படத்தின் வரிசையிலேயே உருவெடுக்கின்றன. வடிவத்தை யாரும் வரைந்து கொடுக்கவில்லை. பதியன் போட்ட கிளை தானாக வேர்விடுவதைப் பார்த்த வியப்பை, சாம்பல் நிற நுண்ணோக்கிப் படங்களிலும் நான் அடைந்தேன்.

சிறுநீரகக் காயத்தை ஆராய இது எப்படி உதவுகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு சிஸ்பிளாட்டின். புற்றுநோய்க்குத் தரப்படும் இந்தப் பழைய மருந்து அண்மைக் குழல்களைப் பாதிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அடிபட்ட குழல் செல்கள் கிம்-1 என்ற புரதத்தை வெளிக்காட்டுகின்றன என்று பான்வென்டர் குழு 1998-ல் கண்டறிந்தது. கிரியேட்டினின் ஏறும் வரை காத்திராமல், காயத்தைச் செல்லின் அளவிலேயே காட்டிக்கொடுக்கும் கொடி அது. ஆர்கனாய்டில் சிஸ்பிளாட்டினை விட்டால் அதே கொடி ஏறுகிறது. ஆகவே தட்டில் இருப்பது ஒப்புக்கு வளர்ந்த சதைக்கட்டி இல்லை, சிறுநீரகம் அடிபடும் விதத்திலேயே அடிபடும் திசு என்று நம்ப இடமிருக்கிறது. 2022-ல் மோரிசானே குழு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சிஸ்பிளாட்டினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, தொடக்கத்தில் தன் டி.என்.ஏ. முறிவுகளைத் தானே ஒட்டிச் சரிசெய்துகொண்ட ஆர்கனாய்டு ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தத் திறனை இழந்து தழும்பை நோக்கிச் சாய்ந்தது. முறிவை ஒட்டும் வேலையைத் தூண்டிவிட்டபோது சாய்வு குறைந்தது. மீளும் காயம் மீளாத காயமாக மாறும் திருப்பம் என்று அதைச் சொல்வேன். நோயாளியிடம் அந்தத் திருப்பத்தை எவரும் நேரில் பார்ப்பதில்லை. திரும்பிய பிறகுதான் நம்மிடம் காகிதம் வருகிறது.

நிராகரிப்பை ஆராய்வது இதைவிடச் சிக்கலானது; ஏனென்றால் அதற்கு இரண்டு மனிதர்கள் தேவை. நம் செல்களின் மேற்பரப்பில் ஹெச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் பெரும்பாலும் ஒரு கொத்தாகவே பிள்ளைக்கு இறங்குகின்றன. தம்பியிடம் உள்ள ஒரு கொத்து அம்மாவினுடையது, மற்றொன்று அப்பாவினுடையது. அம்மாவிடமோ அவனுக்குக் கொடுக்காத இன்னொரு கொத்து இருக்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்றவளே ஆனாலும், அவள் சிறுநீரகத்தில் அந்தப் பாதி அவனுடைய டி-செல்களுக்கு முன்பின் தெரியாத ஆள். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒத்த இரட்டையர்களுக்கு இடையில் நடந்ததால்தான் இந்தத் தொல்லை எழவில்லை.

ஆய்வகத்தில் இதை இரண்டு விதமாகச் செய்து பார்க்கிறார்கள். ஒருவருடைய செல்லிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டோடு, வேறொருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோய் எதிர்ப்பு செல்களைச் சேர்த்துத் தட்டிலேயே மோதவிடுவது ஒரு வழி. தனக்கென்று எதிர்ப்புச் சக்தி இல்லாதபடி வளர்த்த எலிக்குள் ஆர்கனாய்டைப் பதித்து, அந்த எலிக்கு மனித எதிர்ப்பு செல்களை ஏற்றுவது மற்றொரு வழி. இரண்டிலும் டி-செல் எந்த இடத்தில் முதலில் நுழைகிறது, எந்தக் குழல் முதலில் அலறுகிறது, எந்த மருந்து எந்த அளவில் அதைத் தடுக்கிறது என்று நாள்தோறும் பார்க்கலாம். தட்டு தீர்ந்துவிட்டால் இன்னொரு தட்டு. என் மாணவி சொன்ன 'தனித்தனித் தட்டு' இதுதான். எதிர்ப்பு செல் இல்லாமல் டேக்ரோலிமஸ் மட்டும் ஒரு தட்டில், டேக்ரோலிமஸ் இல்லாமல் எதிர்ப்பு செல் மட்டும் இன்னொன்றில், இரண்டும் சேர்ந்து மூன்றாவதில். தம்பியின் வயிற்றுக்குள் பிரிக்க முடியாதபடி முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு இழைகளும் அங்கே தனியாகக் கிடக்கும். ஹெச்.எல்.ஏ. அடையாளத்தை மரபணுத் திருத்தத்தால் அழித்துவிட்டு, எதிர்ப்பு செல்களின் கண்ணில் படாத ஆர்கனாய்டை வளர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் ஹெச்.எல்.ஏ.வில் 'முதல் வகை' எனப்படும் அடையாளத்தை முற்றிலும் துடைத்துவிட்டால், அடையாள அட்டை இல்லாதவனைச் சந்தேகிக்கும் காவலர்போல 'என்.கே.' எனப்படும் வேறொரு வகை எதிர்ப்பு செல்கள் வந்து தாக்கும். ஒரு காவலனை ஏமாற்றினால் மற்றவன் விழித்துக்கொள்கிறான்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை ஒரு சின்ன விஷயம் அடக்கியது. டேக்ரோலிமஸ் செய்யும் உடனடிக் கெடுதலில் பெரும்பங்கு நுண்தமனி சுருங்குவதால் வருவது என்று மேலே சொன்னேன். ஆர்கனாய்டிலோ தமனியே கிடையாது! இரத்தம் ஓடுவதில்லை, அழுத்தம் இல்லை, வடிமுடிச்சு வடிகட்டுவதற்கு எதுவும் வந்து சேர்வதில்லை. குழலின் செல்களை மருந்து நேரடியாக வாட்டுவதைத் தட்டில் காணலாம். என் தம்பிக்கு ஒருவேளை நேர்ந்திருக்கக்கூடிய அந்த மற்றொரு பாதியைக் காண முடியாது. நிராகரிப்பிலும் அப்படியே. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வழியாக வரும் நிராகரிப்பு முதலில் தாக்குவது இரத்தக் குழாயின் உட்சுவரைத்தான். குழாய் இல்லாத இடத்தில் அந்தப் போரை எங்கே நடத்துவது? இந்தக் குறை ஆய்வாளர்களுக்குத் தெரியாததன்று. நெதர்லாந்தின் லெய்டனில் எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் ஆர்கனாய்டைச் செருகியபோது எலியின் இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து சென்றதை 2018-ல் காட்டினார்கள். மறு ஆண்டு ஹார்வர்டில், ஒரு சிப்பின்மேல் திரவத்தை ஓடவிட்டே ஆர்கனாய்டுக்குள் குழாய் வலையைப் பெருகச் செய்தார்கள். ஓடும் நீர் இருந்தால்தான் வாய்க்கால் உருவாகும் போலும்.

வேறு குறைகளும் உண்டு. இந்தத் திசு முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்தது. நாற்பது வயது ஆணின் வயிற்றிலுள்ள, அறுபதைத் தாண்டிய தாயின் சிறுநீரகத்தை அன்று. மருந்துகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் வாயில்கள் அதில் முழுமையாகத் திறந்திருப்பதில்லை. ஆகவே நஞ்சை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். நரம்பு, தசை என்று அழையா விருந்தாளிச் செல்களும் உள்ளே முளைத்துவிடுகின்றன. சிறுநீர் வெளியேற ஒரு வழிகூட இல்லை. செய்தித்தாள்களில் 'ஆய்வகத்தில் சிறுநீரகம் தயார்' என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு காலத்தில் சிறுநீரகத்தை விற்றவர்களால் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வாங்கிய ஊர் இது. 1994-ல் உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் வந்து, 2008-ல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தைத் தமிழக அரசு முறைப்படுத்திய பிறகும், காத்திருப்போர் பட்டியல் நீண்டுதான் கிடக்கிறது. வரிசையில் நிற்பவரிடம் ஜவ்வரிசி அளவுத் திசுவைக் காட்டி நம்பிக்கை விற்பது பாவம். இந்தத் திசுவின் பயன் வேறு: கொடுக்கப்பட்ட சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று, அதைத் தொடாமலேயே கேட்டறிய ஓர் இடம் கிடைத்திருக்கிறது. மார்ச் 2023-ல் நம் நாட்டின் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தியபோது, மனிதருக்குத் தரும் முன் செய்யப்படும் சோதனைகளில் ஆர்கனாய்டுகளையும் ஏற்கலாம் என்று சேர்த்தார்கள். அதை நான் நல்ல செய்தியாகவே கருதுகிறேன்.

சென்ற வாரம் மாணவியிடம் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அம்மாவின் இரத்தத்திலிருந்து ஆர்கனாய்டு வளர்த்து, அதன்மேல் தம்பியின் டி-செல்களைவிட்டுப் பார்த்தால், நிராகரிப்பா மருந்தா என்ற எங்கள் வழக்குக்கு விடை கிடைக்காதா? கொள்கையளவில் சரி என்றாள். ஆனால் இரத்தச் செல்லை ஸ்டெம் செல்லாக்கி, அது சரியாக இருக்கிறதா என்று சோதித்து முடிக்கவே மாதங்கள் ஆகும், ஆர்கனாய்டு வளர அதன்மேல் ஒரு மாதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி. பயாப்சி அறிக்கையோ மூன்று நாளில் வந்துவிட்டது. எந்த ஆய்வகமும் இன்று தனி நோயாளிக்காக இதைச் செய்துதரும் நிலையில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. தன் இரத்தம் வேண்டும் என்கிறார்கள் என்ற அளவில் எடுத்துக்கொண்டார் போலும். "கிட்னியையே குடுத்தாச்சு, ரத்தத்துக்கு என்ன?" என்று முனகியவர், சற்று நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்: "வெறும் வயித்துல வரணுமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு வை."